கைராசி இல்லைங்க, டிகிரி!

மாடித்தோட்டம் போடுற நண்பர்கள் வாயில அடிக்கடி வர்ற வாசகம் "எனக்குக் கைராசி இல்லப்பா". கத்தரி, வெண்டை, கீரை வரைக்கும் யாரும் இதைச் சொல்றதில்ல. அடுத்த கட்டமா ப்ரோக்கோலி, செலரி, லீக்ஸ்னு இறங்குறப்பதான் ஆரம்பிக்கும். விதை முளைக்காது. முளைச்சாலும் தையல் நூல் மாதிரி நிக்கும். ஏப்ரல்ல ஒரு நாள் மொத்தமா படுத்துடும். அப்புறம் என்ன, பைகளைச் சுருட்டி மொட்டைமாடி மூலையில போட்டுட்டு, பழியைத் தூக்கிக் கை மேல போட்டுடுவாங்க.

என் கட்சி இதுதான்: கைல ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் தெர்மாமீட்டர் பண்ற வேலை. அதைப் புரிஞ்சுக்காம நிழல்வலை, மிஸ்ட், ஸ்ப்ரேயர்னு செலவு பண்றது வீண். புரிஞ்சுக்கிட்டா நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மாடியிலயும் வருஷத்துக்கு ஒரு தடவை லீக்ஸ் பார்க்கலாம். ஒரே ஒரு தடவை. அதுவும் கட்டைவிரல் தடிமன்ல. இது தோல்வி கிடையாதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

லீக்ஸ் தெரியாதவங்களுக்கு: வெங்காயக் குடும்பம். ஆனா குமிழ் கட்டாது. பட்டையான இலைகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இறுக்கிச் சுத்தி, அடியில வெள்ளையா நீளமா ஒரு தண்டு வரும். அதுதான் சாப்பிடுற பகுதி. காரம் கம்மி, லேசான இனிப்பு. ஈழத்து நண்பர்களுக்கு இதுக்கெல்லாம் விளக்கம் தேவையில்ல. அவங்க ஊர்ல லீக்ஸ் வறை, லீக்ஸ் போட்ட கொத்துரொட்டி எல்லாம் அன்றாடச் சமாச்சாரம். ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் 'லீக்ஸ்'னு பன்மையிலயே சொல்வாங்க, நானும் அப்படியே சொல்றேன். லண்டன்லயும் டொரண்டோவுலயும் இருக்கிற மக்கள் கொல்லைப்புறத்துல வளர்த்துப் படம் போட, அதைப் பார்த்து இங்க நமக்கு ஆசை வர, ஆன்லைன்ல ஒரு பாக்கெட் விதை வாங்கிடறோம். பிரச்சினை அங்கதான் ஆரம்பம்.

லீக்ஸ் நல்லா வளர்றதுக்கு வேண்டிய வெப்பநிலை 13லேர்ந்து 24 டிகிரி செல்சியஸ். விதை போட்டு அறுவடைக்கு நாலஞ்சு மாசம், சில ரகத்துக்கு இன்னும் அதிகம். இந்த ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கங்க.

இப்ப நம்ம ஊர். சென்னையில வருஷத்துலயே குளிரான மாசம் ஜனவரி. அப்பவே பகல் 29, 30 வரைக்கும் போகும், ராத்திரி 21 பக்கம் இறங்கும். சராசரி போட்டா 25. அதாவது நம்மளோட 'குளிர்காலமே' லீக்ஸ் கேக்குற உச்சவரம்புக்கு ஒரு டிகிரி மேல! மே மாசத்தைப் பத்திப் பேசவே வேணாம். 2003 மே 31 அன்னிக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவாச்சு.

சரி, ஊட்டியில மட்டும் எப்படி? கணக்கு சிம்பிள். ஆயிரம் மீட்டர் மேல ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர். பெருக்கிப் பார்த்தா பதினாலரை டிகிரி. நம்ம மாடியில ஊட்டியைக் கொண்டுவரணும்னா, இந்தப் பதினாலரை டிகிரியை ராத்திரி பகலா, நாலஞ்சு மாசத்துக்கு, எங்கேயாவது தள்ளிவிடணும். வலையைக் கட்டினா நடக்கிற காரியமா இது?

நம்ம அம்பத்தூர் தொழிற்பேட்டையில இப்ப வரிசையா டேட்டா சென்டர்கள் நிக்குது. உள்ள இருக்கிற சர்வர்களுக்குப் பரிந்துரைக்கிற வெப்பநிலை 18லேர்ந்து 27 டிகிரி. அதுக்கே ராத்திரி பகலா சில்லர் ஓடுது, கரண்ட் பில்லு கோடியில வருது. லீக்ஸ் அதை விடக் குளிரா கேக்குது. பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்கு இதுக்கு மேல விளக்கணுமா? :-)

வெள்ளைக்காரன் காலத்துலயும் இதே கதைதான். கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1819ல நீலகிரி ஏறினார். அப்புறம் அங்கயே வீடு கட்டி, இங்கிலீஷ் காய்கறிகளையும் உருளைக்கிழங்கையும் பயிர் பண்ண வச்சார். இலங்கையில சாமுவேல் பேக்கர் 1840கள்ல நுவரெலியாவுல இங்கிலாந்துப் பாணியில ஒரு பண்ணை போட்டார். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர், வருஷ சராசரி 16 டிகிரி பக்கம். கொழும்பு சந்தைக்கு வர்ற லீக்ஸுக்குப் பேர்போன இடம் இன்னிக்கும் அதுதான். அந்தப் பாத்திகள்ல குனிஞ்சு நிமிர்றவங்கள்ல நம்ம மலையகத் தமிழர்கள் நிறைய. நாட்டையே கையில வச்சிருந்தவன்கூட வெயிலோட சண்டை போடல, மலை ஏறிட்டான். நாம முந்நூறு ரூபா வலையை வச்சுக்கிட்டு மல்லுக்கு நிக்கிறோம்.

நிழல்வலை வேஸ்ட்னு நான் சொல்லல. அது என்ன பண்ணும், என்ன பண்ணாதுன்னு தெரிஞ்சு கட்டணும். வலை தடுக்கிறது வெயிலை, அதாவது ஒளியை. இலையும் மண்ணும் நேரடியாச் சூடாகறது குறையும். ஆனா சுத்தியிருக்கிற காத்து அதே காத்துதான், அதோட சூடு ஓரிரு டிகிரி குறைஞ்சாலே அதிகம். ராத்திரியில வலைக்கு வேலையே கிடையாது.

ராத்திரிதான் முக்கியமான மேட்டர். செடி பகல்ல ஒளியை வச்சு சர்க்கரை தயாரிக்குது. ராத்திரி சுவாசிச்சு அதுல ஒரு பங்கைச் செலவு பண்ணுது. வெப்பநிலை பத்து டிகிரி கூடினா இந்தச் செலவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பகல் சம்பளம் அதேதான், ராத்திரி வாடகை மட்டும் டபுள் ஆச்சுன்னா கையில என்ன மிஞ்சும்? மிஞ்சினாத்தானே தண்டு தடிக்கும்? நம்ம ஊர் கோடையில நூல் மாதிரி நிக்கிற லீக்ஸோட ரகசியம் இதுதான். உரம் போதலைன்னு நினைச்சு இன்னும் அள்ளிப் போடறது பாவம். அதுலயும் மொட்டைமாடி கான்க்ரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடிச்சுட்டு, ராத்திரி பத்து மணி வரைக்கும் மெதுவா கக்கிக்கிட்டு இருக்கும். செருப்பில்லாம ஒரு தடவை நடந்து பாருங்க, தெரியும்.

அடுத்தது 'மிஸ்ட் அடிச்சா குளிரும்'ங்கிற யோசனை. தண்ணி ஆவியாகும்போது குளிரும், உண்மைதான். ஆனா அதுக்கு ஒரு எல்லை உண்டு. தெர்மாமீட்டர் முனையில ஈரத்துணி சுத்தினா எந்த அளவு காட்டுதோ, அதுக்குக் கீழ இறக்கவே முடியாது. 38 டிகிரி வெயில், 45 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு மே மாசச் சாயங்காலத்துல அந்த எல்லை சுமார் 28. எவ்வளவு தண்ணியைத் தெளிச்சாலும் 28தான் தரை. லீக்ஸுக்கு அதுவும் பத்தாது.

இந்தத் தண்ணி விஷயம்தான் எனக்கு இந்தப் பதிவை எழுதவே காரணம். 2019 ஜூன் ஞாபகம் இருக்கா? செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம், செங்குன்றம் நாலு ஏரியும் காஞ்சு கிடந்துச்சு. லாரித் தண்ணிக்கு குடத்தை வரிசை கட்டி வச்சுட்டு நின்னோம். பூந்தமல்லிக்காரங்களுக்குச் செம்பரம்பாக்கம் பக்கத்து ஏரி. அந்த ஏரி தரை தெரிஞ்ச வருஷத்தைப் பார்த்த ஊர்ல, ஏப்ரல் மே மாசத்துல, ஒரு மலைப்பயிரைக் குளிர்விக்கன்னு மூணு வேளை தண்ணி தெளிக்கிறது எனக்குச் சரியாப் படல. சென்னையில குளிர்ச்சிக்கு விலை ரெண்டே வழியில கொடுக்கணும், ஒண்ணு தண்ணி, இன்னொண்ணு கரண்ட். 'ஆர்கானிக்', 'இயற்கை'ன்னு பேசிட்டு ரெண்டையும் இப்படிக் கொட்டினா, அது இயற்கை விவசாயம் இல்ல சாமி, ஏசி விவசாயம்.

அப்ப லீக்ஸே வேணாமா? அப்படியும் சொல்ல மாட்டேன். 'சென்னையில எல்லாம் வளரும்'னு விக்கிறவங்களும், 'சென்னையில ஒண்ணும் வளராது'ன்னு உக்காந்துட்டவங்களும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. ரெண்டு பேருமே மாசத்தைப் பார்க்கல.

நம்ம தாத்தா பாட்டி தெர்மாமீட்டர் வச்சுக்கல. ஆனா அவங்க கிட்ட பட்டம் இருந்துச்சு. ஆடிப்பட்டம், கார்த்திகைப் பட்டம், தைப்பட்டம், சித்திரைப் பட்டம். பட்டம்னா என்ன? செடிக்கு வேண்டிய சூடும் ஈரமும் தானா வந்து அமையுற நேரத்துக்குச் செடியை நகர்த்துறது. வெப்பநிலையை மாத்த முடியாதவன், தேதியை மாத்திக்கிட்டான். அத விடக் காசு கம்மியான டெம்பரேச்சர் கன்ட்ரோல் இன்னிக்கு வரைக்கும் வரல. லீக்ஸுக்கும் நாம ஒரு பட்டம் கண்டுபிடிச்சாப் போதும்.

நம்ம ஏரியாவுக்கு இதுல ஒரு சின்ன அதிர்ஷ்டம் இருக்கு. மே மாசத்துல மெரினா பக்கம் மத்தியானமே கடல்காத்து வந்துடும். ஆவடிக்கு அது தாமதமா, களைச்சுப் போய்த்தான் வரும். அதனால வெயில்ல நாமதான் அதிகம் வாடுறோம். ஆனா மார்கழி, தை ராத்திரியில கதை தலைகீழ். கடல் பக்கத்துல இருந்தா ராத்திரி ரொம்ப இறங்காது. தள்ளி இருக்கிற நமக்கு நுங்கம்பாக்கத்தை விட ஓரிரு டிகிரி கூடுதலா இறங்கும். காலையில பூந்தமல்லி ரோட்டுல பனி மூடியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. கோடையில நமக்குக் கிடைக்காத சலுகை, மார்கழியில வட்டியோட வருது. லீக்ஸுக்கு முக்கியம் ராத்திரிதான்னு மேல சொன்னேன் இல்லையா?

சரி, நான் சொல்ற பட்டம்:

1. விதை: ஆவணி கடைசி, செப்டம்பர் தொடக்கம். வெங்காயக் குடும்பத்து விதை சீக்கிரம் உயிர் போயிடும், ரெண்டு வருஷத்துக்கு மேல பழசை வாங்காதீங்க. முளைக்க 20 டிகிரி பக்கம் இருந்தா பத்து நாள் சுமார்ல முளைக்கும், 30ஐத் தாண்டினா பாதி அப்படியே தூங்கிடும். அதனால தட்டுல விதைச்சு வீட்டுக்குள்ளயே குளிர்ச்சியான ரூம்ல வைங்க. ராத்திரி மனுஷங்களுக்காக ஓடுற ஏசி ரூம் இருந்தா அதுலயே ஓரமா வைங்க, அது ஓசிக் குளிர்ச்சி. முளை தெரிஞ்ச அன்னிக்கே காலை வெயில் படுற கிழக்குப் பார்த்த பால்கனிக்கு மாத்திடணும், இல்லைன்னா ஒளி தேடி நீண்டு சாஞ்சுடும்.

2. நாற்று: செப்டம்பர், அக்டோபர் ரெண்டு மாசமும் தட்டுலயே. மத்தியான வெயில் படாம பாத்துக்கங்க. நிழல்வலைக்கு உண்மையான வேலை இந்த ரெண்டு மாசம்தான், 50 சதவீத வலை போதும்.

3. நடவு: தீபாவளி முடிஞ்சு, நவம்பர்ல. விரல் நீளத்துக்குக் குழி போட்டு நாற்றை உள்ள இறக்கி, தண்ணி மட்டும் ஊத்துங்க, மண்ணை அழுத்தி மூட வேணாம். நட்ட பிறகு வலையை எடுத்துடுங்க. இதுலதான் நிறையப் பேர் சறுக்குறாங்க. வலை இருந்தா நல்லதுன்னு டிசம்பர்லயும் விட்டு வைப்பாங்க. அப்ப வானமே மேகமூட்டம், பகல் சின்னது. இருக்கிற ஒளியிலயும் பாதியைத் தடுத்தா செடி எதைச் சம்பாதிக்கும்?

4. வேர்: காத்தைக் குளிர்விக்க முடியாது, ஆனா வேரைக் குளிர்விக்கலாம், தண்ணியும் அதிகம் ஆகாது. கருப்புப் பை வேணாம், வெள்ளைப் பை வைங்க. மண்தொட்டி இன்னும் நல்லது, பானைத் தண்ணி குளிர்ற அதே காரணம்தான். சின்னப் பை சீக்கிரம் சூடாகும், பெரிய பை மெதுவா. பையைத் தரையில வைக்காம நாலு செங்கல் மேல தூக்கி வைங்க, கான்க்ரீட் சூடு நேரா ஏறாது. மேல நாலு விரக்கடை காஞ்ச இலை, தேங்காய் நார் எது கிடைச்சாலும் மூடாக்கு. கொல்லைப்புறத்துல மண் தரை இருக்கிற பழைய அம்பத்தூர் வீட்டுக்காரங்க கொடுத்து வச்சவங்க, நேரா மண்ணுலயே வைங்க.

5. மழை: நடவும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணா வரும். 2015 டிசம்பர் 1 அன்னிக்குச் செம்பரம்பாக்கத்துல ஒரே நாள்ல 47 செ.மீ. கொட்டின ஊர் இது. வெங்காயக் குடும்பத்துக்கு வேர் ஆழம் போகாது, தண்ணி தேங்கினா அழுகிடும். அதே செங்கல் இங்கயும் காப்பாத்தும். பை அடியில ஓட்டை அடைச்சிருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க.

6. வெள்ளைத்தண்டு: தண்டுல வெயில் படாம மூடினாத்தான் வெள்ளையா, மென்மையா வரும். மண் அணைக்கலாம், இல்லைன்னா பழைய செய்தித்தாளைக் குழாய் மாதிரி சுருட்டி மாட்டலாம். கருப்பு பிவிசி குழாயை மாட்டாதீங்க, வெந்துடும்.

7. அறுவடை: மாசி பாதியிலேர்ந்து மாசி முடியறதுக்குள்ள. பங்குனி வெயிலுக்கு விட்டு வைக்காதீங்க. 'இன்னும் கொஞ்சம் தடிக்கட்டும்'னு காத்திருந்தா தடிக்காது, நாராகத்தான் ஆகும்.

கட்டைவிரல் தடிமன் வந்தா அது நம்ம ஊருக்கு முழு மார்க். லண்டன் மணிக்கட்டு சைஸோட ஒப்பிடாதீங்க. நாலு பைக்கு மேலயும் வைக்காதீங்க. இது விருந்தாளிப் பயிர், குடும்பத்துக்குக் கறி போடுற பயிர் இல்ல.

மீதி எட்டு மாசத்துக்கு? எகிப்துக்காரன் கிட்ட கேளுங்க. அங்கயும் சூடான ஊர்தான். லீக்ஸோட நெருங்கின சொந்தமா 'குர்ராத்'னு ஒரு ரகத்தை அவங்க ரொம்ப காலமா வளர்க்கிறாங்க. அதுல தடித்த தண்டுக்கு ஆசைப்படறதே இல்ல, இலையை அறுத்து அறுத்துச் சாப்பிடுறாங்க. நமக்கும் வீட்டுலயே பதில் இருக்கு, வெங்காயத்தாள். முளைவிட்ட சின்ன வெங்காயத்தைப் பையில அழுத்தி வச்சா மூணு நாலு வாரத்துல தாள் அறுக்கலாம், திரும்பவும் வரும். அரை நிழல்ல கோடையைக்கூட ஓரளவு தாங்கும். பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் பண்ணினா லீக்ஸை யாரும் தேட மாட்டாங்க. என்ன, படம் போட்டா லைக் கொஞ்சம் கம்மியா விழும். ஹிஹி.

கடைசியா ஒரு கோரிக்கை. 2013 வாக்குல தமிழ்நாடு அரசு சென்னையிலயும் கோவையிலயும் மானியத்துல மாடித்தோட்ட கிட் கொடுக்க ஆரம்பிச்சாங்க. கத்தரி, மிளகாய், வெண்டை, கீரைன்னு நம்ம வெயிலுக்குப் பழகின பயிர்களை முன்னாடி வைக்கிறது அரசுத் திட்டங்களோட வழக்கம், அது சரியான புத்தி. 2020 ஊரடங்குல கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, காய்கறிச் சந்தை நம்ம பூந்தமல்லிக்குப் பக்கத்துல திருமழிசைக்கு வந்துச்சு. நம்ம தெருவுல பல பேர் முதல் முதலா மாடியில பை வச்சது அந்தச் சமயம்தான். ஆசையா வந்தவங்க. அவங்களைத்தான் அந்தப் பளபள விதை பாக்கெட்டுகள் விரட்டி விடுது. அழகான படம் இருக்கும், 'ஆண்டு முழுவதும்'னு போட்டிருக்கும், எத்தனை டிகிரின்னு ஒரு வரி இருக்காது. ஒரு போனுக்கே எத்தனை டிகிரியில வச்சுக்கணும்னு கையேட்டுல எழுதறாங்க. உயிருள்ள விதைக்கு எழுதக் கூடாதா? 'சமவெளியில் செப்டம்பரில் மட்டும் விதைக்கவும்'னு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்தா, ஏப்ரல்ல விதைச்சுட்டு எந்த அம்மாவும் எந்தத் தாத்தாவும் தன் கையைத் திட்டிக்கிட்டு நிக்க மாட்டாங்க.

அச்சடிக்கிற வரைக்கும் நாமே எழுதுவோம். நீங்க எந்தப் பயிரை, எந்த ஊர்ல, எந்த மாசம் விதைச்சீங்க, என்ன ஆச்சுன்னு பதிவு போடுங்க. வராததையும் போடுங்க. ஆவடிக்கும் அடையாறுக்கும் தேதி வேற வேறயா வரும், அதுதான் வேணும். நாலு வருஷம் சேர்ந்தா நம்ம ஊருக்குன்னு ஒரு புதுப் பட்டம் கிடைச்சுடும்.

டிஸ்கி: பெங்களூர் நண்பர்கள் "எங்க ஊர்ல சூப்பரா வருதே"ன்னு பின்னூட்டம் போடுறதுக்கு முன்னாடி, நீங்க 900 மீட்டர் உயரத்துல உக்காந்திருக்கீங்க, கிட்டத்தட்ட ஆறு டிகிரி தள்ளுபடி உங்களுக்குப் பிறவியிலயே உண்டுன்னு ஞாபகம் வச்சுக்கங்க. வயித்தெரிச்சல்தான், வேற ஒண்ணும் இல்ல :-)